புக்கித் தீமாவில் ஒரு நிமிஷம்

ஜொகூர் நாட்டுப் பாலோவில் வண்டி ஏறுகிற பேச்சியம்மாளுக்குச் சிங்கப்பூர் ஓர் ஊராகத் தெரிந்ததே இல்லை. நியூட்டன் ஸ்டேஷன், டாங்க் ரோடு ஸ்டேஷன், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான் சிங்கப்பூர். முதல் வண்டியில் இரண்டு வெற்றிலைக் கூடைகளோடு ஏறுவாள். ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் அந்த ரயில், பெண் கொடுத்த வீட்டுக்குள் நுழைகிற சம்பந்தி மாதிரி, யாரையும் கேட்காமல் நேரே ஊருக்குள் புகுந்துவிடும். பங்களாக்களின் பின்வேலியை உரசும். வீதிக்கு வீதி கேட்டை அடைக்கச் சொல்லி, மோட்டாரில் போகிற துரைமார்களைக் காக்க வைக்கும். நியூட்டனில் அவள் ஒரு கூடையைப் பெட்டி வாசலில் இருந்து இறக்க, தேக்கா சந்தைக் கடைக்காரர் மூர்த்தி கீழே நின்று வாங்கிக்கொள்வார். மறு கூடையோடு டாங்க் ரோட்டில் இறங்கினால், வெளி வாசலுக்கு வருவதற்குள் பாதி தீர்ந்துவிடும். மீதிக்குக் கோயில் வாசல் இருந்தது.

வெற்றிலை காலை வியாபாரம். வெயில் உச்சிக்கு ஏறும்வரை வெற்றிலைக்கு நாம் விலை சொல்லலாம். அதற்கப்புறம் வெற்றிலைதான் நமக்கு விலை சொல்லும்.

அவள் புருஷன் ஐயாசாமி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்துத் துரை பெயர்களை அடிக்கத் தொடங்கினார்; ஐயாசாமி பெயர் முதல் நாளே அடிபட்டது. வேலை போனவர்களை இனாமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிட ஏற்பாடு நடந்தது. இனாமாகக் கிடைக்கிற பொருளை இரண்டு முறை முகர்ந்து பார்க்க வேண்டும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். ஆனால் பசித்தவனுக்கு மூக்கு வேலை செய்யாது. பாலோவில் அந்த நாட்களில் குசலம் விசாரிப்பதே, "கப்பலுக்குப் பேர் குடுத்தாச்சா?" என்பதுதான்.

பேச்சியம்மாள் கொடுக்கவில்லை. ஊரில் ஐயாசாமிக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. இருந்த அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இங்கே ஒரு மலாய்க்காரரின் பாக்குத் தோப்பில், மரத்துக்கு மரம் கொடி ஏற்றி அவள் வெற்றிலை வளர்த்திருந்தாள். தோப்புக்காரருக்கு அவர் வாய்க்கு வேண்டிய வெற்றிலையைக் கொடுத்தால் போதும். அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

"வெத்தல சிங்கப்பூர் போய்ச் சேர்ற வரைக்கும் கப்பல்ங்கற பேச்ச எடுக்காதீங்க" என்று புருஷனிடம் சொல்லி வைத்திருந்தாள். அவனும் எடுக்கவில்லை.

முப்பத்திரண்டாம் வருஷம் ரயில்பாதையை மாற்றினார்கள். ஊருக்குக் குறுக்கே போன தண்டவாளம் வேண்டாம் என்றாகிவிட்டது. புதுப் பாதை புக்கித் தீமாவோடு ஊரைக் கைவிட்டு, மேற்கே புதரும் சதுப்புமாகச் சுற்றிக்கொண்டு தஞ்சோங் பாகாரில் துறைமுகத்துப் பக்கம் போய் முடிந்தது. ஸ்டேஷன் என்னவோ அரண்மனைதான். சுவரில் படம், தரையில் வழவழப்பு, தொப்பி விழ அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை. வெற்றிலை வாங்குகிற ஆள் மட்டும் அங்கே இல்லை.

அங்கிருந்து தேக்காவுக்குக் கூடையோடு போவது தனிப் பயணம். டிராலி பஸ்ஸில் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். ரிக்‌ஷாக்காரன் கூடையைப் பார்த்ததும் கூடையின் லாபத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவான். வேர்க்க விறுவிறுக்க அவள் போய்ச் சேரும்போது, மூர்த்தியின் கடையில் சீனன் தோட்டத்து வெற்றிலை அடுக்கி, தண்ணீர் தெளித்து, பாதி விற்றும் போயிருந்தது.

"அக்கா, ஒங்க வெத்தல நல்ல வெத்தலதான். நான் இல்லேங்கல" என்றார் மூர்த்தி. "ஆனா என் கடைக்கு வர்றவன் மத்தியானம் வரைக்கும் வாயத் தொறந்து வச்சிக்கிட்டு நிப்பானா?"

"பாதி வெலைக்காவது எடுத்துக்கங்க தம்பி."

"பாதி வெலைக்கு எடுத்து ஆட்டுக்குப் போடவா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "சொல்றேன் கேளுங்க. வண்டி புக்கித் தீமா வழியாத்தானே வருது? டேசன் இருக்கு, ஆனா காலை வண்டி நிக்கிறதில்ல. அங்க ஒரு நிமிஷம் நின்னா போதும். பக்கத்துலயே ரோடு. என் மச்சான் கொசு பஸ் அந்த ரோட்டுலதான் ஓடுது. கூரை மேல கூடையக் கட்டுனா நேரா தேக்கா. பழைய நேரத்துக்கே வந்துரலாம்."

கொசு பஸ் என்பது ஏழு பேர் உட்கார்ந்து பதினைந்து பேர் போகிற சின்ன வண்டி. கூரையும் உண்டு, கேட்க ஆளும் கிடையாது. பேச்சியம்மாள் திரும்பி வரும் வழியில் புக்கித் தீமா ஸ்டேஷன் ஜன்னலில் ஓடி மறைவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு நிமிஷம். ஒரு கூடையை இறக்கி இன்னொரு கூடையை இறக்க அது தாராளம்.

பாலோவுக்கு முன்னால் வருகிற குளுவாங்கில் இறங்கி, சபாபதி கடைக்குப் போனாள். சபாபதி சந்தையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். அவரும் வெங்காயம் மிளகாய் எடுக்க வாரம் தவறாமல் அந்த வண்டியில் போகிறவர்தான். அவருக்கும் புதுப் பாதையால் நஷ்டம். ஆனால் தாங்குகிற நஷ்டம். பத்து வயதில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. துரைத்தனத்துக்குச் சொல்லி அனுப்பி, ரயில்வேயில் இருந்து ஒரு போக்குவரத்துத் துரை குளுவாங்குக்கே வந்து பயணிகளின் குறையைக் கேட்பதாக ஏற்பாடு செய்திருந்ததும் அவர்தான். அதற்கு ஸ்டேஷன் மாஸ்டர் தியாகராஜா உதவி செய்திருந்தார். தியாகராஜா யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுப் பித்தானைக் கழுத்துவரை பூட்டியவர். அன்று அவரும் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, தொர வரும்போது புக்கித் தீமாவுல ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்தச் சொல்லிக் கேட்டா போதும்" என்றாள் பேச்சியம்மாள், மூச்சு வாங்க.

சபாபதி வெல்லக்கட்டியை உடைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு நிமிஷமா? ஏ பேச்சி, தேக்காவுல ஒரு கவுளி வெத்தலைக்கு நீ என்ன வெல சொல்வ?"

"நெனச்சதுக்கு ரெண்டு மடங்கு."

"ஏன்?"

"மூர்த்தி பாதிக்குத்தானே கேப்பாரு."

"மூர்த்திகிட்ட ரெண்டு மடங்கு. வெள்ளக்காரன்கிட்ட மட்டும் நெனச்சது நெனச்சபடியா? அவன் என்ன ஒனக்கு மாமன் மவனா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாளும் சிரித்துவிட்டாள்.

"நிமிஷத்தக் கேட்டா அர நிமிஷம் தருவான்" என்றார் சபாபதி. "நாம பழைய லைன அப்படியே கேப்போம். நியூட்டன் வேணும், டாங்க் ரோடு வேணும், தண்டவாளத்தத் திரும்பப் போடு. அவன் அலமாக்னு வாயப் பொளப்பான். பொளக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு படியா எறங்குவான். எறங்கி எறங்கி கடைசியில வந்து நிக்கிற எடம் புக்கித் தீமா."

"அவரே மொதல்ல புக்கித் தீமாவச் சொல்லிட்டாருன்னா?"

"சொன்னா வேணாம்னு சொல்லு. மொத வெலைக்குத் தலையாட்டுனா சரக்குல சொத்தன்னு நெனப்பான். ரெண்டு தடவ வேணாம், மூணாந்தடவ போனாப் போவுதுன்னு சரி. இது ஒனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?"

தியாகராஜா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "சபாபதி, இது சந்தை இல்லை கண்டியளோ. துரைமாருக்கு ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. நடுவிலை ஒண்டும் அவைக்கு விளங்காது."

"மாஸ்டர், இந்த நாட்டையே அவங்க பேரம் பேசித்தானே வாங்குனாங்க?"

தியாகராஜா கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

துரை வந்த அன்று குளுவாங் ஸ்டேஷனில் அவருடைய தனிப்பெட்டியைக் காலை வண்டியின் வாலில் கோத்து நிறுத்தியிருந்தார்கள். பயணிகள் தங்கும் அறையில் அவருக்கு நாற்காலி. இளைத்த மனிதர், வெயில் தோலை உரித்திருந்தது. சபாபதி சால்வை போட்டுக்கொண்டு வந்து பேசினார். நன்றாகவே பேசினார். ஊருக்குக் குறுக்கே ஓடின பாதை எப்படி ஒவ்வொரு வாசலிலும் ஜனங்களை இறக்கிவிட்டது, புதுப் பாதை எப்படிக் கப்பலில் வருகிற கனவான்களுக்கு மட்டும் சௌகரியம், டாங்க் ரோடு இல்லாத ரயில் உப்பில்லாத குழம்பு என்றெல்லாம் சொன்னார். தியாகராஜா இங்கிலீஷில் மாற்றினார். குழம்பை மட்டும் விட்டுவிட்டார்.

பழைய பாதையைப் பெயர்த்தாகிவிட்டது, அது திரும்ப வராது என்றார் துரை.

சபாபதி திருப்தியாகத் தலையசைத்தார். முதல் மறுப்பு, அது கணக்கில் சேராது. "அதுக்குக் கொறஞ்சு எதுவும் எங்களுக்கு ஒதவாதுன்னு சொல்லுங்க மாஸ்டர்."

துரை அதைக் கேட்டுவிட்டு, தினமும் உண்மையில் வண்டியில் போகிறவர் யாராவது இங்கே உண்டா என்று கேட்டார். எல்லாரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவளை முன்னே வரச் சொல்லி, துரை ஏதோ மெல்லக் கேட்டார். தியாகராஜாவின் குரல் ஒரு கணம் தடுமாறியது.

"பேச்சியம்மா, துரை கேக்கிறார். காலமை வண்டி புக்கித் தீமாவிலை ஒரு நிமிசம் நிண்டால், உங்களுக்கு உதவுமோ?"

கேட்க வந்த பொருள், கேட்காமலே, கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. தேக்காவில் மூர்த்தி அவள் மனசுக்குள் வைத்திருந்த விலையைத் தானாகவே சொல்லிவிடுகிற நாட்கள் உண்டு. அந்த நேரத்தில்தான் முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் விலை கீழே போய்விடும். இத்தனை வருஷம் கூடை சுமந்து அவள் கற்ற வித்தை அது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"புக்கித் தீமாவா? அங்க நின்னா எனக்கென்ன, நிக்காட்டி எனக்கென்ன? அதால ஒரு பிரயோசனமும் இல்ல."

அழகாகச் சொன்னாள். மூர்த்தி கேட்டிருந்தால் உடனே இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்திருப்பார்.

"அப்பிடியே சொல்லட்டோ?" என்றார் தியாகராஜா.

"அப்படியே சொல்லுங்கய்யா."

தியாகராஜா சபாபதியைப் பார்த்தார். சபாபதி கண்ணை மூடித் தலையசைத்தார். தியாகராஜா ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மாற்றிச் சொன்னார். அவர் தம் கடமையில் தவறாதவர். கொஞ்சம் தவறியிருக்கலாம்.

துரை எழுந்தார். பேச்சியம்மாளைப் பார்த்து ஏதோ சொல்லித் தலை குனிந்தார்.

"நன்றி சொல்லுறார்" என்றார் தியாகராஜா. "இந்த நாட்டிலை எதைக் கேட்டாலும் சனம் ஓம் ஓம் எண்டுதான் சொல்லுதாம். நீங்கள் ஒரு ஆள்தான் உள்ளதை உள்ளபடி சொன்னீங்களாம். வீணாய் வண்டியை மறிக்கத் தேவையில்லாமல் போச்சுதாம்."

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

பேச்சியம்மாள் ஒரு அடி எடுத்து வைத்தாள். சபாபதி அவள் கூடையின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். "கூப்புடாத! நடக்கட்டும். இது நடக்குற நடை. கூப்பிட்டா கெட்டுது காரியம்."

"அண்ணாச்சி, போறாரே."

"போவாரு. பெட்டி வாசல்ல திரும்புவாரு பாரு."

சபாபதி சொன்னது பலித்தது. பெட்டி வாசலில் துரை திரும்பினார். பேச்சியம்மாள் இருந்த திசையில் தொப்பியைக் கொஞ்சம் உயர்த்தினார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். கார்டு பச்சைக்கொடியை ஆட்டினான்.

வண்டி நகர்ந்து, வளைவில் கடைசிப் பெட்டியும் மறைந்தது. நின்றவர்கள் யாரும் அசையவில்லை. சந்தையில் வாங்குகிறவன் தெருமுனைவரை போய்த் திரும்பி வருவதை எத்தனையோ முறை பார்த்தவர்கள் அவர்கள். ரயிலுக்குத் தெருமுனை எங்கே இருக்கிறது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

"அடுத்த டேசன்ல இருந்து தந்தி அடிப்பான் லா" என்றார் சபாபதி.

தந்தி வரவில்லை. மறுநாள் பேச்சியம்மாள் மாஸ்டரிடம் போனாள்.

"ஐயா, வேணும்னு சொல்லிடுங்க. ஒரு நிமிஷம் வேணாம், மெதுவாப் போனாக்கூட நான் குதிச்சிக்கிறேன். வேணும்னு சொல்லுங்க."

"நேத்து வேண்டாம் எண்டனீங்கள்."

"அது வேணாங்கற வேணாம் இல்லீங்கய்யா."

தியாகராஜா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கு விளங்குது பேச்சியம்மா. ஆனால் அதை இங்கிலீசிலை எப்பிடிச் சொல்லுறது?"

ஆனாலும் அவர் மேலே எழுதிக் கேட்டார். வண்டி நேரங்கள் முடிவாகிவிட்டன, புக்கித் தீமாவில் நிற்பதால் பயனில்லை என்று பயணியே சொல்லியிருக்கிறார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. சபாபதி தானே கிளம்பி, ஒரு கூடை அன்னாசியோடு துரையின் ஆபீசுக்குப் போனார். பகல் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேவகன் அன்னாசி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். சபாபதி இன்னொரு முறை நீட்டினார். சேவகன் இன்னொரு முறையும் வேண்டாம் என்றான். அப்போதுதான் சபாபதிக்கு, அந்தக் கட்டடத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம் என்பது விளங்கியது. அன்னாசியைத் திரும்பச் சுமந்துகொண்டு வந்தார். பேச்சியம்மாள் கடைப்பக்கம் வந்தால், அதன்பிறகு அவர் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஏதாவது வேலை தேடிக்கொண்டார்.

கொஞ்சநாள் அவள் தஞ்சோங் பாகாருக்கே போய் வந்தாள். வாழைப்பட்டையில் சுற்றி, ஈரத்துணி போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் மூர்த்தி, கூடையை இறக்கவே விடாமல், கையில் காப்பியைக் கொடுத்தார். வியாபாரி காப்பி கொடுத்தால் சரக்கு வேண்டாம் என்று அர்த்தம். குளுவாங்கில் விற்கலாம் என்றால், வீட்டுக்கு வீடு கொல்லையில் கொடி. பாலோவில் விற்கலாம் என்றால், மெல்லுகிற வாயெல்லாம் கப்பலேறியிருந்தது.

தோப்பில் கொடி மட்டும் கேட்பாரில்லாமல் தழைத்தது. அவள் கிள்ளிக் கிள்ளித் தோப்புக்காரர் வீட்டில் கொடுத்தாள். இத்தனை எனக்கு எதற்கு என்று அவர் கேட்டார். அவள் சிரித்து வைத்தாள்.

"பேச்சி" என்றான் ஐயாசாமி ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "வெத்தல சிங்கப்பூர் போவுதா?"

அவள் குழம்பை ஊற்றினாள்.

"கங்காணி கேட்டாரு. இந்தக் கப்பல விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாதாம்."

"பேரக் குடுத்துருங்க" என்றாள்.

மத்தியான வண்டியில் கிளம்பினார்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், ஒரு சட்டி. பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மெதுவாகி, நின்றுவிட்டது.

"என்ன எடம் இது?" என்று ஐயாசாமி எட்டிப் பார்த்தான்.

"புக்கித் தீமா" என்றாள் அவள், பார்க்காமலே.

"எதுக்கு நிக்குது?"

எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "எதிர் வண்டிக்கு வழி விடுது. ஒத்தத் தண்டவாளம்லா. இந்த வண்டி தெனமும் இங்க நிக்கும்."

நின்றது. ஜொகூரில் விளைகிற வெற்றிலை முழுவதையும் இறக்கி முடிக்கிற அளவுக்கு நின்றது. கீழே ரோட்டில் ஒரு கொசு பஸ், கூரை காலியாக, ஆள் பிடிக்க ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. எதிர் வண்டி வந்து கடந்த பிறகு இவர்களுடைய வண்டி புறப்பட்டது.

தஞ்சோங் பாகாரில் இறங்கினால் கப்பலுக்கு நடக்கிற தூரம்தான். கப்பலேறுகிறவனுக்கு அதைவிட வசதியான ஸ்டேஷன் உலகத்தில் கிடையாது. கொட்டகையில் ஒரு கிராணி, கப்பல் குமாஸ்தா, மேல்தளத்தில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். நம்மவர்தான், வெற்றிலைக் காவி ஏறின பல். முன்னால் நின்றவள் ஆட்டுக்கல்லைக் கொண்டுபோக வேண்டும் என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். "முடியாது" என்றார் அவர். "எம் மாமியா சீதனம்யா" என்றாள் அவள். "முடியவே முடியாது." "நீங்க தங்கமான ஆளுன்னு லாபிஸ் வரைக்கும் பேச்சு." "சரி சரி, ஓரமா வை." அடுத்தவன் வெயில்படாத இடம் கேட்டு, மூன்று முறை மறுக்கப்பட்டு, நான்காம் முறை வாங்கிக்கொண்டு போனான். கிராணிக்கும் அதில் பொழுது போயிற்று.

பேச்சியம்மாள் முறை வந்தது.

"ரெண்டு பேரா? பொகபோக்கிக்குப் பக்கத்துல. சூடா இருக்கும், கரி விழும். சரியா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேனாவை மசியில் தோய்க்காமல் காத்திருந்தார்.

"சரிங்கய்யா."

கிராணி நிமிர்ந்து பார்த்தார். "இல்ல, வேணாம்னா சொல்லலாம். வேற எடமும்..."

ஐயாசாமி அவள் முழங்கையை இடித்தான்.

"சரின்னு சொல்லிட்டேன்லய்யா" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். இவள் தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறினாள். இடம் அவர் சொன்னதைவிடச் சூடாகவே இருந்தது.